கருணாபுரமும் மின்சாரக் கண்ணாடியும்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்துச் செத்தவர்களின் எண்ணிக்கை 65-ஐத் தாண்டியது. குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் நிவாரணம், ஒருநபர் ஆணையம், சி.பி.ஐ. விசாரணைக்கு உயர் நீதிமன்ற உத்தரவு என்று சாவுக்கான கணக்கு ஏதோ ஒரு வகையில் எழுதப்பட்டது. பிழைத்து வீடு திரும்பியவர்களில் சிலருக்குப் பார்வை போயிருந்தது. அது பெரும்பாலும் செய்தியின் கடைசி வரியோடு நின்றுவிட்டது. இதற்கிடையே, மூக்குக்கண்ணாடிபோல் மாட்டிக்கொண்டால் கண்ணுக்குள் மெல்லிய மின்சாரம் செலுத்தும் கருவிகள் வெளிநாட்டுச் சந்தையில் வந்திருக்கின்றன. விழித்திரை நோய்க்கும் பார்வை நரம்பு பட்டுப்போனதற்கும் இவை பலன் தரும் என்று சொல்லப்படுகிறது. அப்படியொரு கருவி கருணாபுரத்து வீட்டுக்கு வர வேண்டுமா? வரட்டும், ஆனால் ஆய்வாக மட்டுமே வரட்டும், விற்பனைப் பொருளாக வேண்டாம் என்பதே என் கட்சி.

காரணம் அந்தச் சாராயத்தில் கலந்திருந்த மெத்தனாலின் போக்கிலேயே இருக்கிறது. கல்லீரல் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவை அந்த அமிலம் முடக்குகிறது. ஓயாமல் ஆற்றலைத் தின்னும் பார்வை நரம்புக்குத்தான் முதல் அடி. குடித்த ஆள் அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் கண் மங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்கு வருவதும் அமிலமாக மாற நேரம் பிடிப்பதால்தான். அந்த நேரத்தில் கண்ணைக் காப்பாற்றக்கூடியவை ஃபோமெபிசோல் அல்லது எத்தனால் மாற்றுமருந்து, சோடியம் பைகார்பனேட், டயாலிசிஸ் ஆகியவையே. எந்த மின்சாரக் கருவியும் அவற்றுக்கு ஈடில்லை. அதற்குப் பிறகு நடப்பதுதான் குழப்பமானது. முதல் சில வாரங்களில் சிலருக்குப் பார்வை தானாகவே ஓரளவு திரும்பும். அப்படித் திரும்பியவர்களிலும் சிலருக்கு மறுபடி மங்கிப்போகும். அந்தச் சமயம் பார்த்து ஒருவர் கண்ணில் கருவியை மாட்டிவிட்டால், உடம்பு தானே செய்துகொண்ட வேலைக்குக் கருவி பெயர் வாங்கிக்கொள்ளும்.

இந்தக் கருவிகளில் அதிகம் ஆராயப்பட்டது ஜெர்மனியின் ஒக்குவிஷன் நிறுவனத்தின் ஒக்குஸ்டிம். கண்ணாடிச் சட்டம் போன்ற அமைப்பிலிருந்து முடிபோல் மெல்லிய மின்முனை இழை ஒன்று நீண்டு, கீழ் இமைக்குச் சற்று மேலே விழிப்பரப்பில் ஈரத்தோடு படிகிறது. நெற்றிப்பொட்டில் இன்னொரு முனை ஒட்டப்படுகிறது. மில்லி ஆம்பியரில் ஒரு பங்கு அளவே மின்சாரம். வாரம் ஒருமுறை அரை மணி நேரம், வீட்டிலேயே. மின்சாரம் ஓடும்போது நோயாளிக்கு ஓரத்தில் மினுக்கும் வெளிச்சம் தெரியும். எந்த அளவில் அந்த மினுக்கல் தொடங்குகிறது என்று மருத்துவர் முதலில் அளந்து, அதற்கு ஒன்றரை அல்லது இரண்டு மடங்கில் கருவியை வைக்கிறார். பக்கவிளைவு பெரும்பாலும் கண் வறட்சியோடு சரி.

அந்த மினுக்கல்தான் இந்தத் துறையின் பழைய வினை. 1755-இல் சார்ல் லெ ரோய் என்ற பிரெஞ்சு மருத்துவர், காய்ச்சலில் பார்வை இழந்த ஒருவரின் தலையில் கம்பி சுற்றி மின்சாரம் பாய்ச்சினார். அந்த மனிதருக்குத் தீச்சுவாலை தெரிந்தது, பார்வை திரும்பவில்லை. வெளிச்சம் தெரிவதற்கும் பார்ப்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை, ஆசையில் இருப்பவரால் எளிதில் அளக்க முடியாது. ஆராய்ச்சியாளரையும் இது படுத்துகிறது. மெய்யான மின்சாரம் பெற்றவருக்கு மினுக்கல் தெரிந்துவிடுவதால், போலிக் கருவி மாட்டியவர் யார் என்பதை மறைப்பது கடினம்.

ஆனாலும் இதை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஒசாகாவில் மொரிமோட்டோ குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பார்வை நரம்பு வெட்டப்பட்ட எலிகளின் கருவிழிமேல் மின்சாரம் செலுத்தியபோது விழித்திரை நரம்புச் செல்கள் கூடுதலாகப் பிழைத்தன. ஒரு வளர்ச்சிக் காரணி தூண்டப்பட்டதே அதற்கு விளக்கம். ஜெர்மனியில் பல மையங்களில் நடந்து 2016-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், பெரும்பாலும் கண் அழுத்த நோயாலும் ரத்த ஓட்டக் குறைவாலும் நரம்பு கெட்ட 82 பேரில், பத்து நாள் மின்சாரம் பெற்றவர்களின் பார்வைக் களம் சராசரியாக 24 சதவீதம் மேம்பட்டது. போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 2.5 சதவீதம். மாலைக்கண்ணில் தொடங்கிப் பார்வையைச் சுருக்கும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவில் நிலைமை இவ்வளவு தெளிவில்லை. 2011-இல் 24 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது. 52 பேரை ஓர் ஆண்டு தொடர்ந்து 2017-இல் வெளிவந்த ஆய்விலோ விழித்திரையின் மின் எதிர்வினையில் முன்னேற்றம் தெரிந்ததே தவிர, பெரும்பாலான அளவுகளில் உறுதியான வேறுபாடு வரவில்லை. சோதித்துப் பார்க்க இவ்வளவு போதும். பணம் வாங்கிக்கொண்டு கையில் கொடுக்கப் போதாது. அதிலும், உயிரோடு மிச்சமிருக்கும் செல்லைத்தான் மின்சாரம் தாங்கிப்பிடிக்கும். செத்த நரம்பை அது எழுப்பாது. ஆண்டுகள் கடந்து நரம்பு வெளிறிப்போன கண்ணில் எதிர்பார்க்கக்கூடியது மிகக் கொஞ்சம்.

இழந்தவருக்கு இழக்க இனி என்ன இருக்கிறது, கொடுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூலி வேலையில் குடும்பம் நடத்தியவர் பார்வை இழந்தபின், அந்த வீட்டில் இழக்க மிச்சமிருப்பது நிவாரணப் பணம்தான். கருவி விற்பவர் கண் படுவதும் அங்கேதான். இதற்கு நேர் எதிரான ஆட்சேபம், ஏழைகளைச் சோதனை எலி ஆக்குகிறோமே என்பது. அது வலுவானது. ஆனால் 2017-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளின் கீழ் முறையாக நடக்கும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பங்கேற்பவருக்குப் பாதிப்பு வந்தால் இழப்பீடு தர வேண்டும். கடையில் வாங்கியவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. குடித்துக் கெட்டவனுக்கு எதற்கு இத்தனை செலவு என்ற மூன்றாவது கேள்வியும் டீக்கடைகளில் காதில் விழும். மருத்துவமனையில் நோயாளிக்கு நடத்தைச் சான்றிதழ் கேட்கும் வழக்கம் இல்லை என்பதைத் தவிர அதற்குப் பதில் தேவையில்லை.

வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமே, பக்கத்துக் கல்வராயன் மலை ஊர்களுக்கு இதைவிட வசதி உண்டா என்பதும் முதலில் நியாயமாகவே படும். மலைமேல் உள்ள வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருவது, பார்வை குறைந்தவருக்கு இன்னொருவரின் ஒருநாள் கூலியையும் சேர்த்து இழக்கும் பயணம். சாராயத்தில் கலந்தது தொழிற்சாலைக்கான மெத்தனால். பழி என்னவோ கல்வராயன் மலைமேல் ஏறியது, வைத்தியம் மட்டும் மலையேற மறுக்கிறது. ஆனால் வீட்டுக் கருவிக்கும் அளவு நிர்ணயிக்க ஒருவர் வேண்டும். இழையைச் சரியாக வைக்கப் பழக்க வேண்டும், சில மாதத்துக்கு ஒருமுறை பார்வைக் களத்தை அளக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருகிறது. அதே வழியில் பயிற்சி பெற்ற ஓர் ஊழியர் வர முடியும். அளக்கும் வேலையைச் சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த அளவீடு கருவிக்கு முன்பே தொடங்க வேண்டியது. மெத்தனால் நோயாளி உயிர் ஆபத்தைத் தாண்டிய வாரத்திலேயே பார்வைத் திறன், பார்வைக் களம், ஓ.சி.டி. ஸ்கேனில் தெரியும் நரம்பு இழை அடுக்கின் தடிமன் ஆகியவற்றைப் பதிந்து, மூன்றாம் மாதமும் ஓராண்டிலும் திரும்ப எடுத்தால்தான், தானாகத் திரும்புவது எவ்வளவு, மின்சாரம் தருவது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும். கருணாபுரத்து நோயாளிகள் கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று பிரித்து அனுப்பப்பட்டவர்கள். நான்கு இடத்துக்கும் ஒரே படிவம் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. கருவி தரும் நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தில் இன்னொன்றும் எழுதப்பட வேண்டும். கண் வறட்சிக்காக அமெரிக்கா 2017-இல் அனுமதித்த ட்ரூடியர் என்ற மூக்குவழி மின்தூண்டல் கருவியின் விற்பனை 2020-இல் நின்றுபோனது. அந்தக் கதி இங்கே நேராதபடி, ஆய்வு முடிந்த பிறகும் பலன் பெறுபவருக்கு இழையும் பழுதுபார்ப்பும் எத்தனை ஆண்டு, யார் செலவில் என்பதை, முதல் நோயாளியிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே தமிழில் அச்சடித்து, பார்க்க முடியாதவருக்கு வாசித்தும் காட்ட வேண்டும்.