மழையில் குதிரை வண்டிப் பந்தயம்

குதிரை வண்டிப் பந்தயம் என்பது, சல்கி எனப்படும் இலகுவான இருசக்கர வண்டியில் பூட்டப்பட்ட குதிரைகள் குறிப்பிட்ட ஒரு நடையில் மட்டும் ஓடிப் போட்டியிடும் விளையாட்டு ஆகும். ஆங்கிலத்தில் இது ஹார்னஸ் ரேசிங் எனப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்கா, கனடா, பிரான்சு, சுவீடன், இத்தாலி, ஆத்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளில் இது பரவலாக நடைபெறுகின்றது. இப்பந்தயங்கள் திறந்த வெளியில் நடப்பதால், மழை பெய்யும்போது தொடர்ந்து நடத்துவதா, நிறுத்துவதா என்ற கேள்வி அடிக்கடி எழுகின்றது. மழை பெய்கின்றது என்ற ஒரே காரணத்துக்காகப் பந்தயம் நிறுத்தப்படுவது அரிது. தடத்தின் அடித்தளம் உறுதியாக உள்ளதா, வண்டியோட்டிகளாலும் நடுவர்களாலும் தெளிவாகப் பார்க்க முடிகின்றதா என்பவையே முதன்மையான அளவுகோல்கள். இவற்றை மதிப்பிடும் பொறுப்பு யாருக்கு உரியது என்பதும் விதிகளால் வரையறுக்கப்பட்டுள்ளது.

பந்தயத்தின் இயல்பு

இப்பந்தயங்களில் இருவகை நடைகள் உள்ளன. முதலாவது டிராட் எனப்படும் குறுக்குக்கால் ஓட்டம். இதில் வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் ஒன்றாகவும், மற்ற இரு கால்கள் ஒன்றாகவும் இயங்கும். இரண்டாவது பேஸ் எனப்படும் ஒருபக்கக்கால் ஓட்டம். இதில் ஒரே பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்து இயங்கும். குதிரை தனக்குரிய நடையை விட்டு நாலுகால் பாய்ச்சலுக்கு மாறினால் அது தவறாகும். வண்டியோட்டி உடனே அதன் வேகத்தைக் குறைத்து, உரிய நடைக்குத் திருப்ப வேண்டும். அவ்வாறு செய்யாவிடினும், நடை மாறியதால் குதிரைக்கு ஆதாயம் கிடைத்தாலும், நடுவர்கள் அதனைப் பின்னுள்ள இடத்துக்குத் தள்ளுவர்.

வேகம் குறைந்த விளையாட்டாகத் தோன்றினும் இப்பந்தயம் மிக விரைவானது. 2022 ஆம் ஆண்டில் நியூ செர்சியின் மெடோலாண்ட்சு தடத்தில் புல்டாக் அனோவர் என்னும் குதிரை ஒரு மைல் தொலைவை 1 நிமிடம் 45.8 நொடிகளில் கடந்தது. இது சராசரியாக மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வேகம் ஆகும். இவ்வேகத்தில் பல வண்டிகள் ஒன்றையொன்று நெருங்கி ஓடும்போது, கால் பதியும் நிலம் எத்தகையது என்பது உயிர் சார்ந்த வினாவாகின்றது.

தடத்தின் அமைப்பு

மழையின் விளைவு தடத்துக்குத் தடம் வேறுபடும். முற்காலத்தில் வட அமெரிக்க ஊர்ச் சந்தைத் திடல்களில் அமைந்த தடங்கள் பெரும்பாலும் களிமண்ணால் ஆனவை. களிமண் உலர்ந்திருக்கும்போது ஓட்டத்துக்கு ஏற்றது. ஆனால் நன்கு நனைந்தால் சேறாகி, மீண்டும் உலரப் பல மணி நேரமோ சில நாட்களோ தேவைப்படும். இதனால் மழை பெய்தால் பந்தயத்தைத் தள்ளிவைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

பிற்காலத்தில் பல தடங்களில் களிமண்ணுக்குப் பதிலாகச் சுண்ணாம்புக்கல் போன்றவற்றை உடைத்துப் பெறும் கல்தூள் பயன்படுத்தப்பட்டது. இத்தகைய தடத்தில் இறுகிய அடித்தளமும், அதன்மேல் மெல்லிய தளர்ந்த மேற்படுகையும் இருக்கும். சக்கரங்கள் எளிதில் உருள வேண்டியிருப்பதால் இம்மேற்படுகை, சவாரிக் குதிரைப் பந்தயத்துக்கான மண்தடங்களில் உள்ளதைவிட மெல்லியதாக அமைக்கப்படுகின்றது. மழைநீர் உள்ளிறங்காமல் மேலாக வழிந்தோடுவதற்கு இதுவே காரணம். சவாரிப் பந்தயங்கள் கைவிடப்படும் மழையிலும் வண்டிப் பந்தயங்கள் சில வேளைகளில் தொடர்ந்து நடைபெறுவதை இவ்வேறுபாடு விளக்குகின்றது.

எல்லாத் தடங்களும் இவ்வகையின அல்ல. நியூசிலாந்தில் மெத்வென், மொட்டுகராரா போன்ற ஊர்களில் புல்தடங்களில் பந்தயங்கள் நடத்தப்படுகின்றன. பிரான்சின் மாகாணங்களிலும் புல்தடங்கள் உள்ளன. புல்லின் கீழுள்ள மண் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், இத்தடங்கள் தொடர்மழையைத் தாங்குவதில்லை.

தட நிலை வகைப்பாடு

வட அமெரிக்காவில் ஒவ்வொரு பந்தயத்தின்போதும் தடத்தின் நிலை பதிவு செய்யப்படுகின்றது. உலர்ந்து விரைவானது, நல்லது, நீர் தேங்கியது, மந்தமானது, சேறானது, கனத்தது என்பன வழக்கிலுள்ள வகைகள். தடம் மெதுவாக இருந்தால், அதனால் எத்தனை நொடிகள் கூடுதலாகத் தேவைப்பட்டன என்ற மதிப்பீடும் நிலைக் குறியீட்டுடன் சேர்த்து அச்சிடப்படும். குதிரையின் முந்தைய நேரங்களை ஒப்பிடுவோருக்கு இக்குறிப்பு உதவுகின்றது.

இவ்வகைப்பாட்டில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நீர் தேங்கிய தடம் பார்வைக்கு அச்சம் தருவதாயினும், பெரும்பாலும் அதன் அடித்தளம் கெட்டியாகவே இருக்கும். நீரைத் தெறித்துக்கொண்டு ஓடும் குதிரையின் குளம்பு உறுதியான தரையையே தொடுகின்றது. மாறாக, மழை நின்ற பின் நீர் உள்ளிறங்கிய தடம் பார்வைக்கு உலர்ந்துவருவது போலத் தோன்றினும், இழுக்கும் தன்மையும் வழுக்கும் தன்மையும் கொண்டதாக இருக்கக்கூடும். ஆகவே பெய்யும் மழையின் அளவை மட்டும் கொண்டு தடத்தின் பாதுகாப்பை மதிப்பிட இயலாது.

மழையால் ஏற்படும் இடர்கள்

வழுக்கல்: தடத்தின் வளைவுகள் வெளிப்புறம் உயர்ந்தும் உட்புறம் தாழ்ந்தும் அமைக்கப்படுகின்றன. ஈரத்தில் சக்கரங்கள் பிடிப்பை இழந்தால் வண்டி பக்கவாட்டில் வழுக்கி, அருகில் வரும் குதிரையின் கால்களில் மோதக்கூடும். அரை மைல் சுற்றளவு கொண்ட சிறிய தடங்களில் வளைவுகள் கூர்மையானவை. ஒரு மைல் பந்தயத்துக்கு அவற்றை இரு சுற்றுகள் கடக்க வேண்டும். ஆகையால் அங்கு இவ்விடர் மிகுதி.

சமமின்மை: மழைநீர் சரிவில் இறங்கி உள்வேலியை ஒட்டித் தேங்கும் அல்லது அங்குள்ள கல்தூளை அரித்துச் செல்லும். தடம் முழுவதும் ஒரே அளவு வழுக்கினால், வண்டியோட்டிகள் அதற்கேற்ப ஓட்டுவர். ஓரிடத்தில் கெட்டியாகவும் அடுத்த இடத்தில் குழியாகவும் இருக்கும் தடமே அதிக ஆபத்தானது. குதிரை திடீரென நடை மாறுவதற்கும், தசைநாண் காயமடைவதற்கும் இது இடமளிக்கின்றது.

பார்வைக் குறைவு: வண்டியோட்டி குதிரைக்குப் பின்னால் தாழ்வான இருக்கையில் அமர்ந்திருக்கிறார். முன்னே செல்லும் குதிரைகளின் குளம்புகளும் சக்கரங்களும் வாரியிறைக்கும் சேறு நேராக அவர் முகத்துக்கே வருகின்றது. முன்னே ஒரு குதிரை விழுந்தால், பின்னால் வருபவர் அதனைக் காண்பதற்கும் விலகுவதற்கும் மிகக் குறைந்த நேரமே உண்டு. ஒரு வண்டி கவிழ்ந்தால் பல வண்டிகள் அதன்மேல் ஏறிக் கவிழும் விபத்து நிகழலாம்.

நடுவர்களின் பார்வை: குதிரை நடை மாறியதா, ஒருவர் மற்றவருக்கு இடையூறு செய்தாரா என்பதைத் தடத்தின் மறுபக்கம் வரை கண்டு தீர்ப்பளிக்க வேண்டியவர்கள் நடுவர்கள். கடும் மழையோ மூடுபனியோ இப்பார்வையை மறைத்தால், தடம் நன்றாக இருந்தாலும் பந்தயத்தை நேர்மையாக நடத்த இயலாது. இடியும் மின்னலும் தனிக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. அவை விலகும் வரை காத்திருப்பதே பாதுகாப்பான நடைமுறை.

முன்னேற்பாடுகள்

மழை எதிர்பார்க்கப்படும்போது தடப் பராமரிப்பாளர்கள் மேற்படுகையை உருளைகளாலும் கனத்த பலகைகளாலும் அழுத்தி இறுக்குகின்றனர். இதனைத் தடத்தை மூடுதல் என்பர். இவ்வாறு இறுக்கிய மேற்பரப்பில் விழும் நீர் உள்ளிறங்காது வடிகாலுக்குச் செல்லும். இது மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலை. நனைந்த பின் செய்வதால் பெரிதும் பயன் கிடைப்பதில்லை.

வண்டிகளிலும் மாற்றங்கள் உண்டு. ஆரக்கால்களில் குதிரையின் கால் சிக்காதிருக்கச் சக்கரத்தின் இருபுறமும் தட்டு பொருத்தப்பட வேண்டும் என அமெரிக்க விதி கூறுகின்றது. ஈரத் தடத்தில் சேறுகாப்புகளைப் பொருத்துமாறு தலைமை நடுவர் ஆணையிடலாம். வண்டியோட்டிகள் நீர்புகா உடையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிகின்றனர். குளம்புகளின் பிடிப்புக்காகப் பற்கள் அல்லது கடினமான உலோகப் புள்ளிகள் கொண்ட இலாடங்கள் பயன்படுத்தப்படுவதுண்டு. எனினும் அளவுக்கு மிஞ்சிய பிடிப்பும் தீங்கானது. குளம்பு தரையில் சிறிதளவேனும் வழுக்கி நிற்க வேண்டும். சட்டென நின்றுவிட்டால் அந்த அதிர்ச்சி முழுவதையும் கால் மூட்டுகள் தாங்க நேரிடும்.

முடிவெடுக்கும் முறை

ஐக்கிய அமெரிக்காவில் இவ்விளையாட்டின் பதிவுகளையும் விதிகளையும் பேணும் அமைப்பு 1939 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஐக்கிய அமெரிக்க டிராட்டிங் சங்கம் ஆகும். மாநிலப் பந்தய ஆணையங்கள் தத்தமக்கெனத் தனி விதிகளைக் கொண்டுள்ளன. பணம் கட்டி விளையாடும் தடங்களில், தடத்தின் பாதுகாப்பு ஐயத்துக்குரியதாகும்போது பின்பற்ற வேண்டிய முறை ஒன்று சங்கத்தின் விதிகளில் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளது. அதன்படி தலைமை நடுவர் மூவர் குழு ஒன்றைக் கூட்டுகின்றார். அவரும், தட நிர்வாகத்தின் சார்பாளர் ஒருவரும், குதிரையாளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சார்பாளர் ஒருவரும் அதன் உறுப்பினர்கள்.

தடம் பாதுகாப்பானது என மூவரும் ஒருமனதாக முடிவு செய்தால், அனுமதியின்றி எவரும் தம் குதிரையை விலக்கிக்கொள்ள முடியாது. மூவருள் ஒருவர் மாறுபட்டாலும் நிலைமை மாறுகின்றது. அப்போது பந்தயம் தானாக நின்றுவிடுவதில்லை. ஆனால் பரிசுத் தொகையின் 10 விழுக்காட்டைப் பிணையாகச் செலுத்தி, உரிமையாளர் தம் குதிரையை விலக்கிக்கொள்ளலாம். தகுந்த காரணத்தினால்தான் விலகினார் எனப் பின்னர் விசாரணையில் தெரிந்தால் அத்தொகை திருப்பித் தரப்படும். இல்லையெனில் தண்டமாக எடுத்துக்கொள்ளப்படும். இவ்வாறு பலர் விலகி, எஞ்சிய குதிரைகள் 6 இற்கும் குறைவானால், நிர்வாகம் பந்தயத்தைத் தள்ளிவைக்கவோ கைவிடவோ உரிமை பெறுகின்றது.

இவ்விதியின் அமைப்பு சிந்திக்கத்தக்கது. சாதாரணக் குழுக்களில் பெரும்பான்மையே முடிவாகும். இங்கோ இருவர் ஒரு பக்கம் நின்றாலும் மூன்றாமவரின் மறுப்பு பொருளற்றுப் போவதில்லை. ஒருவர் ஐயுறும் தடத்தில் மற்றவரைக் கட்டாயப்படுத்தி ஓடவைக்கக் கூடாது என்பதே இதன் அடிப்படை. அதே வேளை, தோற்றுவிடுவோம் என அஞ்சுவோர் மழையைச் சாக்காகக் கொண்டு விலகுவதைப் பிணைத்தொகை தடுக்கின்றது.

பிற நாடுகளில் முறைகள் வேறுபடுகின்றன. ஆத்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பந்தயக் கண்காணிப்பாளர்களுக்கு நிகழ்ச்சியைக் கைவிடும் அதிகாரம் உண்டு. தடத்தில் ஓட்டிப் பார்த்த வண்டியோட்டிகளின் கருத்தை அறிந்து முடிவெடுப்பது வழக்கம்.

ஒத்திவைப்பும் கைவிடலும்

எல்லாப் பந்தயங்களும் ஒரே வகையில் நடத்தப்படுவதில்லை. அன்றாடப் பந்தயங்களுக்குச் சில நாட்களுக்கு முன்னரே பெயர் கொடுக்கப்படுகின்றது. அவை கைவிடப்பட்டால் குதிரைகள் அடுத்த வாரம் வேறு பந்தயத்தில் ஓடலாம். முதன்மைப் பந்தயங்கள் அவ்வாறானவை அல்ல. எடுத்துக்காட்டாக, 1926 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆம்பிள்டோனியன் பந்தயமும், 1946 ஆம் ஆண்டு முதல் ஒகையோவின் டெலவெயர் நகர அரை மைல் தடத்தில் நடைபெறும் லிட்டில் பிரவுன் சக் பந்தயமும் 3 வயதுக் குதிரைகளுக்கு மட்டுமே உரியவை. ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அவற்றில் ஓட வாய்ப்புண்டு. அதன் பொருட்டு உரிமையாளர்கள் முன்கூட்டியே தவணைக் கட்டணங்களும் செலுத்துகின்றனர். ஆகவே இத்தகைய பந்தயங்களைக் கைவிடுவதைவிட வேறு நாளுக்கு ஒத்திவைப்பதே முறையாகும். நடைபெறாத பந்தயத்தின் மீது கட்டப்பட்ட பணம் பார்வையாளர்களுக்குத் திருப்பித் தரப்படுகின்றது.

பொருளாதார அழுத்தம்

வட அமெரிக்காவில் வண்டியோட்டிக்கும் பயிற்சியாளருக்கும் குதிரை ஈட்டும் பரிசுத் தொகையில் பொதுவாக 5 விழுக்காடு வீதம் வழங்கப்படுகின்றது. ஒரே மாலையில் ஒரு வண்டியோட்டி பல பந்தயங்களில் கலந்துகொள்வார். பந்தயம் நின்றால் அவருக்கு அன்றைய வருமானம் இல்லை. தட நிர்வாகம் கட்டுபணத்திலிருந்து பெறும் பங்கை இழக்கின்றது. தொலைவிலிருந்து குதிரையைக் கொண்டுவந்த உரிமையாளருக்குப் பயணச் செலவு மட்டுமே மிஞ்சுகின்றது. எனவே முடிவெடுக்கும் அனைவருக்கும் தொடர்ந்து நடத்துவதில் நலன் உண்டு. நிறுத்தச் சொல்லும் வண்டியோட்டி, தம் கூலியையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறார். தடத்தின்மீது உண்மையில் ஓடும் குதிரையால் கருத்துச் சொல்ல இயலாது. குதிரையாளர் சார்பாளருக்குக் குழுவில் இடம் அளித்திருப்பதும், ஒருமித்த முடிவை வேண்டுவதும் இவ்வழுத்தத்தை ஓரளவு ஈடுசெய்யும் ஏற்பாடுகளாகும்.

மழையை வெல்லும் முயற்சி

மழையால் கெடாத தடத்தை உருவாக்கும் முயற்சியும் நடைபெற்றது. 1963 ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவில் திறக்கப்பட்ட மெடோசு பந்தயத் திடலில் டார்ட்டன் எனப்படும் செயற்கைத் தளம் இடப்பட்டது. மின்னசோட்டாவின் 3எம் நிறுவனம் இதனைத் தயாரித்தது. குதிரைகளுக்கான தளமாக இது நிலைபெறவில்லை. பின்னாளில் அத்திடலும் கல்தூள் தடத்துக்கே திரும்பியது. ஆனால் அதே டார்ட்டன் தளம் 1968 ஆம் ஆண்டு மெக்சிக்கோ நகர ஒலிம்பிக் போட்டிகளில் மனிதர் ஓடும் தடமாக இடப்பட்டது. ஒலிம்பிக்கில் செயற்கைத் தடம் பயன்பட்டது அதுவே முதல் முறை.

குதிரை வண்டிப் பந்தயத்தைப் பொறுத்தவரை, மழை நாளின் முடிவு இன்றும் பொறிகளிடம் விடப்படவில்லை. தடத்தில் நடந்து பார்த்து, ஒரு பந்தயம் முடிந்து திரும்பும் வண்டியோட்டிகளைக் கேட்டு, அடுத்த பந்தயத்துக்கு முன் மீண்டும் மதிப்பிடுவதே நடைமுறையாக உள்ளது. முதல் பந்தயத்தின்போது பாதுகாப்பாக இருந்த தடம் ஐந்தாவது பந்தயத்தில் அவ்வாறு இல்லாதிருக்கலாம். ஆதலால் இம்முடிவு ஒரு நாளைக்கு ஒரு முறை எடுக்கப்படுவதன்று. மழை நீடிக்கும் வரை ஒவ்வொரு பந்தயத்துக்கும் புதிதாக எடுக்க வேண்டியதாகும்.