பனியே இல்லாத ஊரில் பனி உருகுநீர் பாடம்

"டீச்சர், நம்ம ஜொகூர்ல வெண்பனியே கிடையாதே, இதை ஏன் படிக்கணும்?"

படிவம் ஆறு புவியியல் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்விதான். 2015 ஆகஸ்டில் சுங்கை லாயாங் அணையில் நீர் தாழ்ந்து, மாசாய், பாசிர் கூடாங் வீடுகளில் தண்ணீர் பங்கீட்டு முறையில் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அணைக்கு இனி எவ்வளவு நீர் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு நல்லது! பனிமலை உள்ள இடங்களில் அது ஓரளவு முடிகிறது.

மழைநீரில் பெரும்பகுதி சில நாளில் ஆற்றில் ஓடிவிடும். வெண்பனி அப்படியில்லை. குளிர்காலத்தில் விழுந்தது மலைமேலேயே கிடந்து, வேனிலில்தான் இறங்கி வரும். அது எவ்வளவு பரப்பில் கிடக்கிறது என்பதைத் துணைக்கோளப் படத்தில் பார்த்துவிடலாம். பிறகு வேண்டியது வெப்பநிலை. ஐஸ் கச்சாங்கை வெயிலில் வைத்தால் சீக்கிரம் கரையும் இல்லையா, அதே கதைதான்.

சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய மார்ட்டினெக் 1975இல் வெளியிட்ட முறை இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. சராசரி வெப்பநிலை 0 பாகைக்கு மேல் உயரும் ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் ஒரு நாளில் இத்தனை மில்லிமீட்டர் நீர் உருகும் என்று கொள்வதே அதன் அடிப்படை. எடுத்துக்காட்டாக, பாகைக்கு 5 மி.மீ. என வைப்போம். வெப்பநிலை 6 பாகை என்றால் 30 மி.மீ. உருகும். பனிப்பரப்பு 40 சதுர கி.மீ. எனில் கிடைப்பது 12 இலட்சம் கன மீட்டர். மண்ணில் ஊறுவதும் ஆவியாவதும் போக 80 விழுக்காடு ஆற்றுக்கு வந்தால், 9.6 இலட்சம். மாணவர்கள் தவறுவது ஓரிடத்தில்தான்: மலையில் 1 கி.மீ. ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 பாகை குறையும். அதனால் மலையை உயர வாரியாகப் பிரித்துத்தான் கணக்கிட வேண்டும்.

இந்தியாவின் சட்லெஜ் ஆற்றில் பக்ரா அணைக்கு வரும் ஆண்டு நீரில் ஏறத்தாழ 60 விழுக்காடு பனியும் பனியாறும் உருகி வருவது என்று ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். மே பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை அணையை நிரப்பி, மற்ற மாதங்களில் பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான் வயல்களுக்கு விடுகிறார்கள். பனி குறைவென்று முன்பே தெரிந்தால் சிக்கனமாகத் திறக்கலாம். ஆனால் பனியின் கணக்கு மட்டும் போதாது. 1988 செப்டம்பர் இறுதியில் அணை ஏறக்குறைய நிரம்பியிருந்த வேளையில் கனமழை கொட்டியது. பஞ்சாப் பெரும் வெள்ளத்தில் தவித்தது. பருவமழையை மாதக்கணக்கில் முன்கூட்டிச் சொல்வது இன்றும் கடினம்தான்.

நமக்கோ அந்த மழை ஒன்றே கதி. ஜொகூர் ஆற்றிலிருந்து 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை, அதாவது சுமார் 11.4 இலட்சம் கன மீட்டர், எடுக்கலாம். நம் குழாய்களுக்கும் அதே ஆறு வேண்டும். வறட்சியில் ஆறு மெலிந்தால் கடலின் உப்புநீர் மேலேறும். அதைத் தள்ளவும் ஆற்றுக்கு நீரூட்டவும் 1995இல் லிங்கியு நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. மலைமேல் பனி செய்யும் சேமிப்பு வேலையை இங்கே அதுதான் செய்கிறது. 2016 அக்டோபரில் அதன் இருப்பு 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. எப்போது நிரம்பும் என்று சொல்ல மலைமேல் எதுவும் கிடக்கவில்லை. வடகிழக்குப் பருவமழைக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: மேற்கண்ட கணக்கில் வெப்பநிலை 9 பாகையாக உயர்ந்து, பனிப்பரப்பு 25 சதுர கி.மீ. ஆகச் சுருங்கினால் ஆற்றுக்கு எவ்வளவு வரும்? விடை 9 இலட்சம் கன மீட்டர். வெப்பம் கூடியும் நீர் ஏன் குறைந்தது என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள்.