கல்லாகிப் போன மரங்கள்!

அரியாங்குப்பத்தில் ஓடும் ஆறு எங்கிருந்து வருகிறது?

செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி ஆற்றின் கிளை அது. அந்தச் சங்கராபரணியின் கரையில், விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் ஓர் அதிசயம் இருக்கிறது.

அங்கே மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன!

அரியாங்குப்பத்திலிருந்து புதுச்சேரி வழியாகப் போனால் சுமார் 30 கிலோமீட்டர் தூரம். காலையில் குடும்பத்தோடு புறப்பட்டால், வக்கிரகாளி அம்மனைத் தரிசித்து, கல்மரங்களையும் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பலாம்.

மரமா? கல்லா?

செம்மண் மேட்டில் பெரிய பெரிய அடிமரங்கள் விழுந்து கிடக்கின்றன. யாரோ வெட்டிப் போட்டது போலத் தோன்றும். கிட்டப் போய்ப் பார்த்தால் கணு, வளையம் எல்லாம் அப்படியே தெரியும். ஆனால் அத்தனையும் கல்!

ஏறக்குறைய 200 மரங்கள் இருக்கின்றன. சில 3 மீட்டர் நீளம். சில 15 மீட்டர் நீளம்.

எப்படிக் கல்லாயின?

திருமால் வதம் செய்த வக்கிராசுரனின் எலும்புகளே இவை என்று ஊரில் ஒரு கதை உண்டு. விஞ்ஞானிகள் சொல்வதும் கதை போலத்தான் இருக்கிறது.

எரிமலைக் குழம்பு இறுகிக் கல்லாவது உண்டு. கர்நாடகத்தில் உடுப்பிக்கு அருகே, செயின்ட் மேரி தீவில் அப்படி உண்டான கல்தூண்களைக் காணலாம். திருவக்கரையில் நெருப்புக்கு வேலை இல்லை. எல்லாம் தண்ணீர் செய்த வேலை!

சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளம் இந்த மரங்களை உருட்டிக்கொண்டு வந்தது. அதனால்தான் இவற்றுக்கு வேரும் இல்லை, கிளையும் இல்லை, பட்டையும் இல்லை. மணலும் சேறும் மேலே மூடின. காற்றுப் படாததால் மரம் மக்கவில்லை. மணலில் உள்ள சிலிக்கா என்ற பொருளைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் மரத்துக்குள் ஊறியது. மரத்தின் நுண்ணிய துளைகளில் எல்லாம் அது படிந்து இறுகியது. மரம் போயிற்று. அதன் உருவம் கல்லாக நின்றது!

பிறகு மழை மேல்மண்ணை அரித்தது. மறைந்திருந்த மரங்கள் வெளியே வந்தன. மூடியதும் தண்ணீர், திறந்ததும் தண்ணீர்!

ஒரு துண்டுதானே!

1781-ல் பிரெஞ்சு இயற்கை அறிஞர் பியேர் சொனேரா இவற்றைப் பற்றி எழுதினார். 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைப் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக்கியது. மொத்தம் 247 ஏக்கர். அதில் ஒரு சிறு பகுதியை மட்டுமே மக்கள் பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு காவல்?

"ஒரு சிறு துண்டுதானே" என்று பையில் போட்டுக்கொள்ள யாருக்கும் ஆசை வரும். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தால் என்ன மிஞ்சும்? வெட்டிய மரம் துளிர்க்கலாம். கல்மரம் துளிர்க்காது.

கோயிலுக்குப் போகிறவர்கள் சிலையின் விரலை ஒடித்து வருவதில்லை. இங்கேயும் அப்படித்தான். கண்ணாரப் பார்க்கலாம். கையை வீசிக்கொண்டு திரும்பலாம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி அழைத்துப் போனால், அவர்களுடைய பிள்ளைகளும் இந்த அதிசயத்தைப் பார்ப்பார்கள்!