ஆக்கிவைத்த உறுப்புக்கள்

செஞ்சியை அடுத்த தொண்டூரின் பெயரில் எத்தனை எழுத்துக்கள் உள? தமிழ் கற்ற சிறுவன் நான்கென்பான். கணினியோ எட்டென எண்ணும். யூனிக்கோடு முறையில் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனியே எண் அமைந்திருத்தலே அதன் காரணமாம்.

இதனைத் திருத்தும் நிரலை ஒவ்வொருவரும் புதிதாய் எழுதவேண்டுவதில்லை. ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் பைத்தான் தொகுப்பில் எழுத்துக்களைப் பிரிக்கும் உறுப்பு ஆயத்தமாயுளது. யாவரும் விலையின்றி எடுத்தாளலாம். இத்தகைய உறுப்புக்களைக் கொண்டே மென்பொருள் ஆக்கவேண்டுமென 1968-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் மக்கில்ராய் என்பார் எடுத்துரைத்தார்.

ஆயினும், நாம் பயிற்றுங்கால் ஒன்று கருதத்தக்கது. எட்டென்னும் பிழையை மாணாக்கர் முதலில் தாமே காணல்வேண்டும். பின்னரே உறுப்பினைக் கையளித்தல் நன்று. நோயறியார்க்கு மருந்தின் அருமை தோன்றாது. எடுத்தாண்ட உறுப்பு பழுதுற்றவிடத்து அதனைக் கண்டறியவும் அவர்க்கு இயலாதன்றோ?