பத்து மாதத்தில் பொறியியல்

ஒரு விமானம் ஆலையில் உருவாகும் முன்னர், ஆயிரக்கணக்கான வரைபடங்களாக உருவாகிறது. இறக்கைச் சட்டம் முதல் சிறு ரிவெட் வரை ஒவ்வோர் உறுப்புக்கும் அளவு, எடை, தாங்கும் விசை ஆகியவற்றைக் கணக்கிட வேண்டும். ஒரு தகட்டின் தடிமனைச் சற்று மாற்றினாலும் அதனோடு தொடர்புடைய வரைபடங்கள் அனைத்தையும் திருத்தியாக வேண்டும். எனவே விமானத் தொழிலுக்குப் பொறியியல் அறிந்தவர்கள் ஏராளமாகத் தேவை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் இவர்களுக்குப் பஞ்சம் ஏற்பட்டது. இளைஞர்கள் படையில் சேர்ந்துவிட்டனர். பி-40 போர் விமானங்களைச் செய்துவந்த கர்ட்டிஸ்-ரைட் கம்பெனி அதுவரை எண்ணிப் பாராத ஒரு வழியை நாடியது. கல்லூரியில் கணிதம் பயின்ற பெண்களைத் தேர்ந்து, தன் செலவிலேயே பொறியியல் கற்பிக்க முன்வந்தது.

கற்றது என்ன?

1943-ஆம் ஆண்டில் கார்னெல், பர்டியூ, ரென்சிலேர், டெக்சாஸ், மின்னசோட்டா உள்ளிட்ட ஏழு உயர்கல்வி நிலையங்களில் பயிற்சி தொடங்கியது. 700-க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தனர். கணிதம், இயக்கவியல், விமான வரைபடம், பொருள்களின் வலிமை ஆகியவை பாடங்கள். காலம் பத்தே மாதங்கள்!

பொருள்களின் வலிமையை எவ்வாறு அறிவது? ஓர் உலோகத் துண்டின் இரு முனைகளையும் இயந்திரத்தில் பொருத்தி இழுக்கிறோம். முதலில் அது சிறிதே நீளும். விசையை நீக்கினால் பழைய நிலைக்குத் திரும்பும். ஓர் எல்லைக்கு மேல் இழுத்தால் திரும்பாது. இன்னும் இழுத்தால் அறுந்துவிடும். பறக்கும்போது இறக்கை இந்த எல்லையை எட்டாதபடி வடிவமைப்பதே பொறியாளரின் கடமை. இத்தகைய கணக்குகளையும் சோதனைகளையும் கற்ற பெண்கள், கம்பெனியின் வரைபடப் பிரிவுகளிலும் சோதனைக் கூடங்களிலும் பணியில் அமர்ந்தனர்.

போருக்குப் பின்

ஆனால் இப்பயிற்சி பட்டம் தரவில்லை. பெண்களைப் பெரும்பாலும் உதவியாளர் நிலையிலேயே நிறுத்தியது. 1945-இல் போர் முடிந்து விமான ஆர்டர்கள் நின்றதும் பலர் வேலை இழந்தனர். சிலர் மட்டுமே பொறியியலில் தொடர்ந்தனர். கல்லூரிகளின் கதவும் மெதுவாகவே திறந்தது. ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்லூரி 1952-இலும், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம் தன் இளநிலை வகுப்புகளில் 1970-இலும்தான் பெண்களைச் சேர்த்தன.

பெண்களுக்குப் பொறியியல் வருமா என்ற கேள்விக்கு அந்த வகுப்பறைகள் 1943-இலேயே விடை கூறிவிட்டன. இன்று ஒரு நிறுவனம் பெண்களுக்குப் பயிற்சி அளிப்பதாக அறிவித்தால் நாம் கேட்க வேண்டியது வேறு: படிப்பின் முடிவில் பட்டம் உண்டா? பணியில் உயர வழி உண்டா? தேவை தீர்ந்த பின்னும் அந்த இடம் அவர்களுக்கு நிலைக்குமா?