புது எஸ்எம்பிஎஸ்ஸில் பழைய கேபிள் வேண்டாம்

வாரண்டியில் கொடுத்த கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மாற்று வந்துவிட்டது. பழைய மாடல் கையிருப்பில் இல்லையென்று அதே கம்பெனியின் ஒரு படி மேலான மாடலையே கொடுத்திருக்கிறார்கள். வாங்கியவருக்கு ஏக மகிழ்ச்சி. சர்வீஸ் சென்டர் பெட்டியை மட்டும்தான் கேட்டிருந்தது. அதனால் கேபிள்கள் எல்லாம் கேபினட்டின் பின்பக்கம் டை போட்டுக் கட்டியபடியே இருக்கின்றன. அவற்றைப் பிரித்து மறுபடி இழுத்துக் கட்ட யாருக்குப் பொறுமை? புதுப் பெட்டியை உள்ளே தள்ளி, பழைய கேபிள்களின் முனைகளைச் செருகுகிறார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. சுவிட்சைப் போட்டதும் ‘டிக்’கென்று ஒரு சத்தம், லேசாகக் கருகல் வாடை. மதர்போர்டு தப்பித்துவிடுகிறது, எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் போய்விடுகின்றன.

கேபிளைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்குகிறவர்கள் வாட்ஸ், பிராண்டு, விலை எல்லாம் விசாரிக்கிறார்கள். பழைய கேபிளைச் செருகக் கூடாது என்பதை மட்டும் கடைக்காரரும் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை.

கேபிளின் ஒரு முனை மதர்போர்டிலோ டிரைவிலோ செருகப்படுகிறது. அந்தப் பக்கம் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பதற்குப் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பெட்டியில் செருகும் முனைக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரு கம்பெனி 5 வோல்ட் தரும் துளையில் இன்னொரு கம்பெனி 12 வோல்ட் தரலாம். பிளாஸ்டிக் முனை ஒரே அளவாக இருப்பதால் கைக்கு வித்தியாசமே தெரியாது. 5 வோல்ட் வரவேண்டிய வழியில் 12 வோல்ட் பாய்ந்தால் டிரைவின் சர்க்யூட் ஒரு நொடி தாங்காது. ஒரே கம்பெனிக்குள்ளும் இந்த வேறுபாடு உண்டு. கோர்சேர் தன் கேபிள்களில் டைப் 3, டைப் 4, டைப் 5 என்று அச்சிடுவது இதற்காகத்தான். அப்படி அச்சிடாத கம்பெனிகளும் இருக்கின்றன.

ஆகவே பெட்டியோடு வந்த கேபிள் மட்டும்தான் அந்தப் பெட்டிக்கு. எஸ்எம்பிஎஸ் மாறினால் கேபிள் முழுவதையும் உருவிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். வாரண்டியில் மாற்றிக் கொடுக்கும்போது மாடல் மாறினால், புது கேபிள் செட்டையும் சேர்த்துக் கேளுங்கள். ‘பழைய கேபிளே போதும்’ என்று கவுண்டரில் சொன்னால், அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பாதிப் பேர் கேபிளை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கலர் கலராகத் தனியே விற்கும் கேபிள் வாங்குவதென்றால், உங்கள் மாடலின் முழுப்பெயர் அதன் பட்டியலில் இருக்க வேண்டும். பிராண்டின் பெயர் மட்டும் இருந்தால் போதாது.

மாடுலர் என்பதால் கம்ப்யூட்டர் வேகமாக ஓடப்போவதில்லை. தேவையில்லாத கேபிள் உள்ளே தொங்காது, காற்றோட்டத்துக்குக் கொஞ்சம் வசதி, பார்க்க நேர்த்தி, அவ்வளவுதான். அடிக்கடி பாகம் மாற்றாதவருக்கு, 24 பின் கேபிளும் சிபியு கேபிளும் பெட்டியோடேயே பிணைந்து வரும் செமி மாடுலர் தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல யுபிஎஸ்ஸில் போடலாம்.

வாட்ஸ் கணக்குக்கு வருவோம். பெட்டியின் பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் வருவதுதான் சிபியுவுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் உண்மையில் கிடைக்கும் வாட்ஸ். அட்டையில் 450 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு லேபிளில் 16 ஆம்பியர் என்றிருந்தால், கைக்கு வருவது 192 வாட்ஸ்தான். ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு மட்டுமே 450 வாட்ஸ் இழுக்கும். அதற்கு என்விடியா சொல்வது 850 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ். 575 வாட்ஸ் இழுக்கும் 5090-க்கு 1000. இந்தக் கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இதைவிட அதிகமாகவும் இழுக்கும். அந்தத் திடீர் இழுவையைத் தாங்கும்படி வகுக்கப்பட்டது 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம். இப்போது 3.1 வந்திருக்கிறது. பெரிய கார்டு போடுகிறவர் இந்த இரண்டுக்கும் குறைந்ததை வாங்க வேண்டாம்.

அதே 2022-இல்தான் 4090-இன் 16 பின் இணைப்புகள் உருகத் தொடங்கின. 600 வாட்ஸ் என்றால் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர். அதை ஆறு மெல்லிய பின்கள் பங்கிட வேண்டும், ஒன்றுக்கு 8 ஆம்பியருக்கு மேல். முனை முழுதாக உட்காராவிட்டால் சில பின்கள் மட்டும் பாரத்தைச் சுமந்து சூடேறிவிடும். திருத்தப்பட்ட 12வி-2x6 வகை 2023-இல் வந்தது. எந்த வகையானாலும், முனைக்கும் கார்டுக்கும் இடையே இடைவெளி தெரியாத வரை அழுத்துங்கள். முனையை ஒட்டிக் கேபிளை மடக்காதீர்கள். மடக்காமல் இருக்க உதவும் என்று கேபிள்மாட் விற்ற வளைவு அடாப்டர்களும் சூடேறி உருகி, 2024-இல் அமெரிக்காவில் சுமார் 25,300 அடாப்டர்கள் திரும்பப் பெறப்பட்டன.

80 பிளஸ் கோல்டு முத்திரை பாதுகாப்புச் சான்று ஆகாது. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளியே வருகிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது. கிகாபைட்டின் பி750ஜிஎம், பி850ஜிஎம் இரண்டும் முழு மாடுலர், கோல்டு முத்திரை பெற்றவை. அதிக பாரத்தில் அவை சோதனையாளர்களின் மேசையில் வெடித்ததும், 2021 ஆகஸ்டில் அந்நிறுவனம் எவ்வளவு பாரத்தில் தானே அணைய வேண்டும் என்ற பாதுகாப்பு வரம்பைக் குறைத்ததாக அறிவித்து, குறிப்பிட்ட சீரியல் எண்களுக்கு இடைப்பட்ட பெட்டிகளை மாற்றித் தர முன்வந்தது. சீரியல் எண் எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ ‘பில் வேண்டாமென்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம்’ என்பார்கள். பத்து வருட வாரண்டி உள்ள பொருளைப் பில் இல்லாமல் வாங்குவது, அந்த வாரண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவதுதான். பில்லில் மாடலும் சீரியல் எண்ணும் இருக்கட்டும். அட்டையில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த நாடு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் தொடர்பு எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள். இறக்குமதியாளர் பெயரே இல்லாத பெட்டி குறுக்கு வழியில் வந்ததாக இருக்கலாம். அதற்கு இங்கே யார் வாரண்டி கொடுப்பார்? லேபிளில் பிஐஎஸ் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் எண்ணும் இருந்தால், பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர் பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும்.

வீட்டு எர்த்தையும் ஒருமுறை எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள். வெறுங்காலோடு கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று பிடிக்கிறதா? பெரும்பாலும் அது எஸ்எம்பிஎஸ்ஸின் கோளாறு அல்ல, எர்த் இல்லாத குறை. வெளிநாட்டு பிளக்கோடு வந்த பவர் கார்டை இரண்டு முனை அடாப்டரில் மாட்டினாலும் இதே கதைதான். மூன்று பின் உள்ள இந்திய பவர் கார்டு மலிவு விலையிலேயே கிடைக்கும்.

இனி சட்டம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற ரப்பர் ஸ்டாம்ப் இதன்முன் நிற்காது. ஆன்லைனில் வாங்கியிருந்தால், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதி.

கேபிளை மாற்றிச் செருகியது யார் என்பதில்தான் வழக்கே திரும்பும். நீங்களே செருகியிருந்தால் விற்றவர் கைவிரித்துவிடலாம். தவறாகப் பயன்படுத்திய பொருளுக்காக விற்றவர்மீது பொறுப்பு கோர முடியாது என்கிறது அதே 2019 சட்டத்தின் 87-ஆம் பிரிவு. கூலி வாங்கிக்கொண்டு அசெம்பிள் செய்தவர் செருகியிருந்தால் அது சேவைக் குறைபாடு, நஷ்டம் கேட்கலாம். அசெம்பிள் கூலிக்கும் தனியாகப் பில் கேட்டு வாங்குவது இதற்காகத்தான். அழிந்துபோன கோப்புகளுக்கு வாரண்டி எதுவும் தராது. நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம், ஆனால் என்ன இருந்தது, எவ்வளவு மதிப்பு என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவர் ‘நான் தொழிலுக்கு வாங்கினேனே’ என்று தயங்க வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவரையும் சட்டம் நுகர்வோர் என்றே கொள்கிறது.

கருகிய பிறகு முதல் வேலை, எதையும் தூக்கி எறியாமல் இருப்பது. எந்தக் கேபிள் எந்தத் துளையில் இருந்தது என்பது தெரியும்படி, கழற்றுவதற்கு முன்பே போட்டோ எடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். விற்றவருக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ‘ஹெட் ஆபீஸில் கேட்டுச் சொல்கிறோம்’ என்று சர்வீஸ் சென்டர் இழுத்தடிக்கும் மாதங்களும் அந்தக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.