திரையோரத்துப் பெயர்ப்பட்டியல்

சிறிய வீட்டில் வாழ்வோர் பொருள்களை எல்லாம் வெளியே எறிந்துவிடுவதில்லை. அன்றாடம் வேண்டுவதைக் கைக்கு எட்டும் இடத்திலும், எப்போதேனும் வேண்டுவதைப் பரணிலும் வைக்கின்றனர். கணினித் திரையும் அத்தகைய சிறிய வீடே. அங்கே எழுதுவதும் படிப்பதும் முதன்மைப் பணிகள். உடனடிச் செய்தி மென்பொருளின் தொடர்புப் பட்டியல், அப்பணிகளுக்கு இடையூறின்றி ஓரத்தில் காத்திருக்க வேண்டும்.

இஸ்ரேல் நாட்டின் மிராபிலிஸ் நிறுவனம் 1996ஆம் ஆண்டில் ஐ.சி.க்யூ. என்னும் மென்பொருளை வெளியிட்டது. 1999ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எம்.எஸ்.என். மெசஞ்சர் வந்தது. இவற்றின் பட்டியல்கள் அகலம் குறைந்து உயரம் மிகுந்த சாளரங்களாக அமைந்தன. பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருவதால் அவ்வடிவமே பொருத்தமாயிற்று.

வரியும் உயரமும்

1024 × 768 படப்புள்ளிகள் கொண்ட திரையில், பட்டியலுக்கு 600 படப்புள்ளி உயரம் கிடைப்பதாகக் கொள்வோம். ஒருவரின் படத்தையும் நிலைச்செய்தியையும் சேர்த்துக் காட்ட 40 படப்புள்ளிகள் தேவையெனில், 15 பேர் மட்டுமே தெரிவர். பெயரையும் சிறு சின்னத்தையும் மட்டும் 20 படப்புள்ளிகளில் காட்டினால், 30 பேர் தெரிவர். படத்தையும் நிலைச்செய்தியையும் நீக்கிவிட வேண்டியதில்லை. பெயரின்மீது சுட்டியை வைக்கும்போது அவை தோன்றினால் போதும்.

இனியும் இடம் வேண்டி உயரத்தைக் குறைக்கலாமா? தமிழ் எழுத்துகளுக்கு அது பொருந்தாது. 'தி', 'தீ' ஆகியவற்றின் வேறுபாடு எழுத்தின் மேற்பகுதியிலும், 'மு', 'மூ' ஆகியவற்றின் வேறுபாடு அடிப்பகுதியிலும் உள்ளது. வரி நெருங்கினால் இவ்வேறுபாடுகள் மறையும்.

மறைத்தலும் மடித்தலும்

இணைப்பில் இல்லாதவர்களை மறைத்து வைத்தல், குடும்பம், பள்ளி, அலுவலகம் எனக் குழுக்களாகப் பிரித்து வேண்டாதபோது மடித்து வைத்தல் ஆகியன பயன்தரும் வழிகள். ஒருவருக்கே பல கணக்குகள் இருப்பதும் உண்டு. கெயிம் என்னும் பெயரில் தோன்றி, 2007ஆம் ஆண்டில் பிட்ஜின் எனப் பெயர்மாறிய மென்பொருள், அக்கணக்குகளை ஒரே வரியில் இணைக்க வழிசெய்தது.

நிலையை உணர்த்தும் சின்னத்திலும் கவனம் வேண்டும். ஐ.சி.க்யூ.வின் மலர்ச்சின்னம் இணைப்பில் இருப்பவருக்குப் பச்சையாகவும், இல்லாதவருக்குச் சிவப்பாகவும் தோன்றியது. சிலரால் இவ்விரு நிறங்களையும் பிரித்தறிய இயலாது. ஆதலின், நிறத்தோடு வடிவமும் மாறுவதே முறை.

பெயரின் இறுதி எழுத்து

அகலம் குறையும்போது நீண்ட பெயரின் இறுதிப்பகுதியை வெட்டி, மூன்று புள்ளிகள் இடுவது வழக்கம். கலைச்செல்வன், கலைச்செல்வி ஆகிய இருவரும் பட்டியலில் இருந்தால் என்ன ஆகும்? இருவரும் 'கலைச்செல்...' என்றே தோன்றுவர். தமிழ்ப் பெயர்கள் பலவற்றில் ஆளை வேறுபடுத்திக் காட்டுவது இறுதி எழுத்தே. பெயரின் நடுப்பகுதியைச் சுருக்கி இறுதியைக் காட்டலாம். அல்லது பயனரே குறும்பெயர் சூட்டிக்கொள்ள வழிசெய்யலாம்.

இடம் மாறாமை

இணைப்பில் இருப்போரை மேலே காட்டும் பட்டியலில், ஒருவர் புதிதாக வந்தவுடன் மற்றவர்கள் கீழிறங்குவர். நாம் ஒரு பெயரைச் சொடுக்கும் நொடியில் வரிகள் நகர்ந்தால், சொடுக்கு வேறொருவர்மீது விழும். உடன்பிறந்தாரிடம் சொல்ல நினைத்த மனக்குறை மேலதிகாரிக்குச் சென்றுவிடக்கூடும். சுட்டி பட்டியலின்மீது இருக்கும்வரை வரிசையை மாற்றாதிருப்பது இதற்கு எளிய தீர்வு.

சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. வேண்டியதை வேண்டிய பொழுதில் தருவது சிக்கனம். வேண்டியதையே மறுப்பது கருமித்தனம். மிச்சப்படுத்திய இடத்தைக் கொண்டு மட்டும் ஒரு பட்டியலின் சிறப்பை அளக்க இயலாது. சொல்ல நினைத்த சொல், சொல்ல நினைத்தவரிடமே சென்று சேர்கிறதா என்பதே அதன் உரைகல்.